கடலோரக் கோவிலுக்குக் கல் எடுப்பது: உள்ளூர்ப் பாறையா, அம்பாசமுத்திரம் கல்லா?

#1 மண்டைக்காடு வடக்கு

எல்லாருக்கும் வணக்கம். ஊர்ப் பகவதி கோவிலை முழுசா கருங்கல்லில் எடுத்துக் கட்ட முடிவாயிருக்கு. கடலில் இருந்து இடம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. கருவறை உள்ளளவு 6 அடிக்கு 6 அடி, சுவர் கனம் 2 அடி. அதிஷ்டானத்தில் (கோவிலின் அடிமேடை) இருந்து கபோதம் (கூரை விளிம்புப் பிதுக்கம், கொடுங்கை) வரை கல், அதுக்கு மேலே செங்கல், சுதை. முன்னால நாலு தூண் மண்டபம், தூணுக்குத் தூண் 8 அடி இடைவெளி. பிரதிஷ்டை தந்திரி (கேரள முறைத் தலைமைப் பூசகர்) முறைப்படி.

கல்லுக்கு மூணு இடம் சொல்றாங்க. ஒண்ணு, பக்கத்து மலையடிவாரக் குவாரிக் கல், வண்டி வாடகை குறைவு. ரெண்டு, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கல். மூணு, வடமாவட்டத்துக் கறுப்புக் கல், இதையே மொத்தக் கோவிலுக்கும் போடலாம்னு ஒருத்தர் சொல்றார். எதை எடுக்கணும், எடுக்கும்போது எதைப் பார்க்கணும்? தட்டினா வர்ற ஓசையை வச்சு ஆண் கல், பெண் கல்னு பிரிக்கிறதெல்லாம் கட்டடக் கல்லுக்கும் பார்க்கணுமா?

#2 வேளிமலை

குவாரியின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் குமரி மாவட்டத்தில் ஒரே குன்றின் இரு பக்கத்தில் இரு வேறு பாறை இருக்கும். இங்கே "கருங்கல்" என்ற ஒரே பெயரில் மூன்று பாறைகள் விற்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது சார்னோக்கைட். புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு இருக்கும். நிறம் பச்சை கலந்த கருஞ்சாம்பல். அதிலுள்ள குவார்ட்ஸ்கூட வெள்ளையாக இல்லாமல் நீலச்சாம்பலாகத் தெரியும். அடுக்கு அதிகம் தெரியாது. கட்டடத்துக்கு இதுதான் முதல் தேர்வு. கல்கத்தாவில் உள்ள கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துத்தான் இந்தப் பாறைக்குப் பெயரே வந்தது. அந்தக் கல் போனது நம் பல்லாவரம் பக்கத்திலிருந்து.

இரண்டாவது வரிப்பாறை, அதாவது நைஸ். வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக, நடுவே மிளகளவு சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். அந்தப் புள்ளி கார்னெட். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைச் சிவப்பாக்குவதும் இதே கார்னெட்தான். மலைப்பாறை சிதைந்து ஆற்றோடு போய்க் கடலில் சேர்ந்தது. கார்னெட்டால் கெடுதல் இல்லை. பட்டைகளுக்கு நடுவே கறுப்பு அபிரகம் (மைக்கா) தாள் தாளாகத் திரண்டிருந்தால் அங்கேதான் கல் பிரியும். நகத்தால் கீறினால் செதில் எழும்பும். அந்தப் பாளத்தை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது கொண்டலைட். இதிலும் கார்னெட் உண்டு. கூடவே நார் நாரான வெள்ளைக் கனிமமும் கிராஃபைட் செதிலும் இருக்கும். விரலால் அழுத்தித் தேய்த்தால் பென்சில் கரி போல ஒட்டும். துருப்பிடித்த மஞ்சள் படலம் பெரும்பாலும் இருக்கும். வெட்ட இலகு, அதனால் விலையும் குறைவாகச் சொல்வார்கள். கடலோரத்துக்கு இது கூடவே கூடாது. 13ஆம் நூற்றாண்டுக் கொனாரக் கோவில் பெரும்பாலும் கொண்டலைட்டில் எழுப்பப்பட்டது. கடற்காற்று அதன் சிற்பங்களை எப்படி அரித்திருக்கிறது என்று படத்தில் பார்த்தாலே போதும்.

ஆகவே மலையடிவாரக் கல் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம், அம்பாசமுத்திரம் என்பதற்காகக் கண்ணை மூடி வாங்கவும் வேண்டாம். முக்கடலில் நிற்கும் வள்ளுவர் சிலைக்கு அம்பாசமுத்திரம் பகுதிக் கல் பெருமளவு போனது உண்மை. அது பாளம் பாளமாகத் தேர்ந்தெடுத்துப் போனது.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போட வேண்டாம். நம் பக்கத்துக் குவாரி பெரும்பாலும் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் ஓடுவது. அங்கே வெடி வைப்பார்கள். வெடி வைத்துச் சரிந்த கல்லில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கீறல் உள்ளே ஓடியிருக்கும். உளி போடும்போது மூலை மூலையாகத் தெறிக்கும். தெறிக்காமல் தப்பித்தால் பத்து மழைக்காலத்துக்குப் பிறகு சுவரில் நின்றபடியே பிளக்கும். பாளத்தின் ஓரத்தில் அரைவட்டக் குழல் போலத் துளைத்தடம் இருந்து, அதிலிருந்து கதிர் கதிராகக் கோடு பரவியிருந்தால் அது வெடிக்கல். வரிசையாகச் சிறு குழிகள் மட்டும் இருந்தால் ஆப்பு அடித்துப் பிளந்தது. முகம் மழமழவென்று நேராக இருந்தால் வைர வயர் போட்டு அறுத்தது. இந்தப் பின்னிரண்டை மட்டும் எடுங்கள்.

#3 மயிலாடி உளி

வேளிமலை சார் சொன்னது எல்லாம் சரி. நான் உளிப் பக்கத்தைச் சொல்றேன்.

குவாரிக்குப் போகும்போது கையில் வேண்டியது: அரைக்கிலோ சுத்தியல், நுனி உளி ஒண்ணு, ஒரு குடம் தண்ணி, சாக்குக்கட்டி, டேப்பு, பெயிண்ட் டப்பா. வேற எந்த மிஷினும் வேண்டாம்.

முதல்ல கல்லைக் கழுவணும். தூசியோட கல்லைப் பார்க்கிறது பார்க்காததுக்குச் சமம். கழுவிட்டு அப்படியே கால்மணி நேரம் விடுங்க. மேல்முகம் காய்ஞ்சிரும். கீறல் இருந்தா அந்தக் கோடு மட்டும் ஈரம் காயாம கறுப்பா நிக்கும். இதை ஏமாத்த முடியாது. அந்தக் கோட்டில் சாக்குக்கட்டியால் அடையாளம் போட்டு, பாளத்தைப் புரட்டி மறுபக்கம் பாருங்க. ரெண்டு பக்கமும் அதே இடத்தில் வந்தா கல் ரெண்டா இருக்குன்னு அர்த்தம், இன்னும் பிரியலை, அவ்வளவுதான். வெள்ளைக் கோடு எல்லாம் கீறல் இல்லை. குவார்ட்ஸ் ஓடி இறுகின வெள்ளை நரம்பு ஈரத்தைப் பிடிக்காது. அது சுவருக்குப் போகலாம், விக்கிரகத்துக்கும் தூணின் முகத்துக்கும் ஆகாது. உளி அங்க துள்ளும், பக்கத்தில் இருக்கிற மெதுவான இடம் குழி விழும்.

அடுத்து தட்டிப் பார்க்கிறது. தரையில் கிடக்கிற கல்லைத் தட்டி "சத்தம் வரல, அலிக் கல் (ஆணும் பெண்ணுமல்லாத கல்)"னு சொல்லாதீங்க. மண்ணில் பதிஞ்சு கிடக்கிற எந்தக் கல்லும் ஊமைதான். தூண் கல்லைத் தூக்கி ரெண்டு மரக்கட்டை மேல வைக்கணும். கட்டை எங்க வரணும்னு கணக்கு இருக்கு: ரெண்டு முனையிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதல். 6 அடிக் கல்லுக்கு முனையிலிருந்து 16 அங்குலம், 8 அடிக்கு 21½ அங்குலம். அந்த இடத்தில் கல் அதிராது, அதனால கட்டை சத்தத்தைக் குடிக்காது. அப்புறம் நடுவில் ஒரு தட்டு தட்டுங்க, நல்ல கல் மணி மாதிரி நீளமா ஒலிக்கும். பிறகு முனையிலிருந்து முனை வரை அடிக்கு ஒரு தட்டு. எங்க நாதம் மட்டுப்படுதோ அங்க தண்ணி ஊத்திப் பாருங்க.

சுசீந்திரத்து இசைத்தூண் இந்தச் சங்கதிக்குச் சாட்சி. ஒரே கல்லில் ஒரு தூணுக்கு 33, இன்னொண்ணுக்கு 25னு சின்னத் தூண்கள். அதில் ஒண்ணுக்குள்ள மயிரிழை ஓடியிருந்தாலும் அந்தக் குரல் செத்திருக்கும்.

#4 மண்டைக்காடு வடக்கு

ரொம்ப நன்றி அண்ணாச்சி. அடிக்கல்லுக்கு, அதாவது அதிஷ்டானத்தின் கீழ் வரிசைகளான உபானம், ஜகதிக்கு அலிக் கல் போடணும்னுதானே சாஸ்திரம்? அப்ப சத்தம் வராத கல்லை அடியில் போட்டுரலாமா? விலையும் கம்மி.

#5 கோட்டாறு கட்டுமானம்

போடாதீங்க. கடலோரத்தில் மொத்தக் கோவிலிலேயே ரொம்பக் கஷ்டப்படுற கல் ஜகதிதான். கீழே நிலத்திலிருந்து உப்புத் தண்ணி கல்லின் நுண்துளை வழியா ஏறும். தரையிலிருந்து ஒண்ணு ரெண்டு அடி உயரத்தில் வெயிலில் காயும். தண்ணி ஆவியாப் போகும், உப்பு உள்ளே படிகமாகி விரியும். அந்த அழுத்தத்தில் கல்லின் தோல் மாவா உதிரும். அதனால அடிக்கல்லுக்குத்தான் தண்ணி குடிக்காத கல் வேணும்.

எப்படித் தெரிஞ்சுக்கிறது: பாளத்திலிருந்து ஒரு கிலோ அளவுக்குத் துண்டு எடுங்க. 105 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் உலர்த்தி எடை போடுங்க. தண்ணியில் 24 மணி நேரம் முக்கி, துடைச்சு மறுபடி எடை. ஏறினது 5 கிராமுக்குள்ள இருக்கணும், அதாவது 0.5 சதவீதம். நல்ல சார்னோக்கைட் இதுக்கும் ரொம்பக் கீழே நிக்கும். ஐஎஸ் 1124 சோதனைன்னு கேட்டா எந்த இன்ஜினியரிங் கல்லூரி ஆய்வகத்திலும் செய்து தருவாங்க. குவாரியின் ஒவ்வொரு முகத்துக்கும் மூணு துண்டு கொடுங்க. ஒரே துண்டு கொடுத்து வாங்கின சான்றிதழை நம்பாதீங்க.

சத்தம் வராத கல்லுக்கு ரெண்டு காரணம்: உள்ளே கீறல், இல்லைன்னா மணிகளுக்கு நடுவே பிடிப்பு தளர்ந்து துளை அதிகம். ரெண்டுமே தண்ணி குடிக்கும்.

#6 மயிலாடி உளி

கோட்டாறு சார், ஒரு திருத்தம். மூணாவது காரணமும் உண்டு: வடிவம். 2 அடிக்கு 2 அடிக்கு 2 அடி கட்டக் கல் எவ்வளவு நல்லதா இருந்தாலும் மணி மாதிரி ஒலிக்காது, "டொக்"குன்னுதான் சொல்லும். நீளமும் மெலிவும் இருந்தாத்தான் நாதம். அதனால குட்டைக் கல்லைச் சத்தத்தை வச்சுத் தள்ளக்கூடாது. அதுக்குத் தண்ணிச் சோதனையும் நீங்க சொன்ன எடைச் சோதனையும்தான்.

#7 கோட்டாறு கட்டுமானம்

ஒத்துக்கிறேன். நான் சொன்னது நீளக் கல்லுக்குத்தான் பொருந்தும்.

#8 திருவட்டாறு திருப்பணி

அலிக் கல் பற்றிய சந்தேகம் பலருக்கும் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிற்ப நூல்களின் வழக்கப்படி ஆண் கல் தேவ விக்கிரகத்துக்கு, பெண் கல் தேவிக்கும் பீடத்துக்கும், நபும்சகக் கல் அடிப்பகுதிக்கு. வயதும் மூன்று: இளங்கல், நடுவயதுக் கல், முதுகல். இளங்கல்லில் உளி பட்டால் பச்சை ஓடு போல மந்தமாகக் கேட்கும். முதுகல் சொரசொரத்து ஒலியற்று இருக்கும். வேலைக்கு உகந்தது நடுவயது. குற்றங்கள் என்று ரேகை, பிந்து, களங்கம் ஆகியவற்றைச் சொல்வார்கள்: கோடு, புள்ளி, கறை. உள்ளே வெற்றிடமோ ஈரமோ உள்ள கல் கர்ப்பசிலை. கல்லுக்குள் தேரை என்று நாம் பேச்சில் சொல்வது இதைத்தான். அது எதற்கும் ஆகாது.

நபும்சகக் கல் என்றால் உடைந்த கல் அல்ல, மட்டமான கல் அல்ல. ஓசையில் ஆணும் பெண்ணுமல்லாத, ஆனால் குற்றமில்லாத கல். தந்திரி முறையில் அதற்குத் தனி இடமே உண்டு. ஷடாதாரப் பிரதிஷ்டை என்றால் கருவறையின் நடுவே குழியெடுத்துக் கீழிருந்து மேலாக ஆதாரசிலை, நிதிகும்பம், பத்மம், கூர்மம், யோகநாளம், கடைசியாக நபும்சகசிலை. அதன்மேல்தான் பீடம், பீடத்தில் விக்கிரகம். உங்கள் கோவிலில் "அலிக் கல்" வேண்டியது இந்த ஓர் இடத்தில்தான். தேர்ந்தெடுத்த ஒரே கல். அதிஷ்டானச் சுற்று முழுவதும் ஒலியற்ற கல்லை அடுக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

இதிலிருந்து ஒரு கட்டுமானக் காரியம் வருகிறது. ஷடாதாரம் செய்வதா இல்லையா என்பதைத் தந்திரியிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். அதிஷ்டானத்துக்குள் மண்ணும் கல்லும் நிரப்பிக் கெட்டித்த பிறகு நடுவில் தோண்டினால் நிரப்பு தளர்ந்து பின்னாளில் பீடம் சாயும். குழியின் சுவரை முதலிலேயே கல்லால் கட்டிக்கொண்டு, அதைச் சுற்றித்தான் நிரப்ப வேண்டும்.

சுவர்க் கல்லுக்கும் பாவுகல்லுக்கும் (கூரை மூடும் பலகைக் கல்) ஆண், பெண் பார்க்க வேண்டியதில்லை. குற்றம் மட்டும் பாருங்கள்.

#9 மண்டைக்காடு வடக்கு

இது இவ்வளவு தெளிவா யாரும் சொல்லலை ஐயா. தந்திரியிடம் கேட்டுட்டேன், ஷடாதாரம் உண்டு.

இப்ப அளவு. எத்தனை லோடு ஆர்டர் கொடுக்கணும்? ஒருத்தர் 40 டன் போதும்ங்கிறார், இன்னொருத்தர் 150 டன் சொல்றார்.

#10 கோட்டாறு கட்டுமானம்

கணக்கு போட்டுருவோம். வெளியளவு 10 அடிக்கு 10, உள்ளளவு 6 அடிக்கு 6.

சுவர்: 100 கழித்தல் 36, ஆக 64 சதுர அடி. 7 அடி உயரத்துக்கு 448 கன அடி. வாசல் திறப்பு 25 கன அடி போக 423.
அதிஷ்டானம்: பிதுக்கங்களோட சராசரி வெளியளவு 11 அடின்னு வைங்க. 121 கழித்தல் 36, ஆக 85 சதுர அடி. 4 அடி உயரத்துக்கு 340.
சுவருக்கு மேல் வரிசைகளான உத்திரம், வாஜனம், கபோதம் சேர்த்து 1½ அடி உயரம்: 127.
மேல் பாவுகல் 9 அங்குலக் கனம்: 75.

மொத்தம் 965 கன அடி. நம்ம கல்லு கன அடிக்கு 75 கிலோ. ஆக, முடிஞ்ச வேலை மட்டுமே 72 டன். 40 டன்ங்கிறவர் சுவருக்கு வெளியே மட்டும் கல் ஒட்டி உள்ளே கான்கிரீட் போடுற கணக்கைச் சொல்றார், அது வேற கட்டடம்.

இதுக்கு மேலே கழிவு. ஒரு தூணை எடுத்துக்கோங்க: முடிஞ்ச அளவு 1¼ அடிச் சதுரம், 8 அடி உயரம், 12½ கன அடி, 940 கிலோ. அதுக்கு வர வேண்டிய பாளம் 1½ அடிச் சதுரம், 8½ அடி நீளம், 19 கன அடி, 1,430 கிலோ. மூணில் ஒரு பங்கு சில்லாப் போகும். நேர் சுவர்க் கல்லில் கழிவு கம்மி, குமுதத்திலும் (ஜகதிக்கு மேலே வர்ற வரிசை) கபோதத்திலும் தூண் மாதிரியே போகும். கருவறைக்கு மட்டும் மொத்தத்தில் 35 சதவீதம் கூட்டி 1,300 கன அடி, 98 டன்னுக்குச் சொல்லுங்க. மண்டபம் தனி.

ஒரே தடவை மொத்தத்தையும் இறக்காதீங்க. முதல்ல அதிஷ்டானத்துக்கு மட்டும். அதே முகத்திலிருந்து மீதியை எடுக்க எழுத்தில் ஒப்பந்தம். நிறம் மாறினா கண்ணுக்குத் தெரியுறது சுவரில்தான், அதனால சுவர்க் கல் முழுக்க ஒரே முகத்திலிருந்து ஒரே தொகுப்பா வரணும்.

#11 திருவட்டாறு திருப்பணி

கோட்டாறு சாரின் 72 டன்னைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் சன்னதி முன்னால் உள்ள ஒற்றைக்கல் மண்டபம் 18 அடிச் சதுரம், 3 அடி உயரம். அதே கன அடிக் கணக்கில் போட்டால் 972 கன அடி, கிட்டத்தட்ட 73 டன். உங்கள் கருவறை முழுவதன் எடை ஒரே கல்லாக அங்கே கிடக்கிறது. இணைப்பே இல்லாத இடத்தில் தண்ணீருக்கு நுழைய வழி ஏது.

#12 வேளிமலை

மண்டபத்துக்கு வருமுன் கல் படுக்கும் திசையைச் சொல்லிவிடுகிறேன். வரி உள்ள கல்லை எடுத்தால் இதுதான் முக்கியம்.

சுவரில்: வரி கிடைமட்டமாக, பூமியில் கிடந்தபடியே. வரி வெளிமுகத்துக்கு இணையாகச் செங்குத்தாக நின்றால் உப்பும் மழையும் சேர்ந்து அப்பளம் போல முகத்தை உரித்துவிடும். சுவர்க் கல் கெடுவது பெரும்பாலும் இந்த ஒரே தவறால்.

உத்திரத்திலும் பாவுகல்லிலும்: வரி நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பாரத்தில் அந்த வரியிலேயே முறியும்.

கொடுங்கையில்: இங்கே மட்டும் வரியைக் கிடைமட்டமாக வைக்கக் கூடாது. கீழடுக்கைத் தாங்க ஒன்றும் இல்லாததால் கழன்று விழும். வரி நிமிர்ந்து, முகத்துக்குக் குறுக்காக உள்நோக்கிப் போகும்படி வையுங்கள். சார்னோக்கைட் கிடைத்தால் இந்தக் கவலை பெருமளவு இல்லை. கபோதத்துக்காவது அதையே எடுங்கள்.

#13 கோட்டாறு கட்டுமானம்

மண்டபப் பாவுகல் கணக்கு. கல்லுக்கு நசுக்குற பாரம் பொருட்டே இல்லை, வளைக்கிற பாரம்தான் எமன். 8 அடி இடைவெளி, 6 அங்குலக் கனம், மேலே 6 அங்குலம் சுண்ணாம்பு-செங்கல் ஜல்லித் தளம், ஆள் நடமாட்டம் எல்லாம் சேர்த்துக் கல்லின் அடிமுகத்தில் வரும் இழுவிசை சதுர மில்லிமீட்டருக்கு 1.9 நியூட்டன். நல்ல கல் 10க்கு மேல தாங்கும், ஆனா இயற்கைக் கல்லில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் நம்பலாம். ஆக 2. சரியா நிக்குது.

அதே கல்லை "செலவு கம்மி"ன்னு 4 அங்குலமாக்கினா 3.6. இடைவெளியை 12 அடியாக்கினா 6 அங்குலக் கல்லிலேயே 4. ரெண்டும் ஆபத்து. கனம் குறையுறப்போ பாரம் கொஞ்சம்தான் குறையுது, பலம் வர்க்கமா குறையுது. அதனால 6 அங்குலத்தை விடாதீங்க. கிரேனில் தூக்கும்போது நடுவில் ஒரே பெல்ட் போடாதீங்க. கூரையில் படுக்கும்போது அடிமுகத்தில் வர்ற இழுவிசை அப்ப மேல்முகத்தில் வரும், அங்க சின்னக் கீறல் இருந்தாலும் தூக்குறப்பவே முறியும். ரெண்டு பெல்ட், முனையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கில்.

இணைப்புக்கு இரும்புக் கிராம்பு (கல்லைக் கல்லோடு பிணைக்கிற கொக்கி) வேண்டவே வேண்டாம். கடற்காற்றில் இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும், கல்லின் மூலையை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். தூணுக்கும் போதிகைக்கும் (தூண் தலையில் உத்திரத்தைத் தாங்குற கல்) குடுமி, அதாவது கல்லிலேயே செதுக்கின முளை, அது இறங்குற குழி போதும். அவசியம்னா செம்பு, அல்லது 316 தர ஸ்டெயின்லெஸ்.

இணைப்புச் சாந்துக்கு சிப்பிச் சுண்ணாம்பு. சிமெண்ட் பூசி இணைப்பை அடைச்சா, சுவருக்குள்ள இருக்கிற ஈரம் இணைப்பு வழியா வெளியேற முடியாம கல் வழியாப் போகும், உப்பையும் கல்லில் விட்டுட்டுப் போகும். மணல் நல்லாக் கழுவினதா இருக்கணும். போர் தண்ணி உப்பா இருந்தா சாந்துக்கு லாரித் தண்ணி வாங்குங்க, இதில் மிச்சம் பார்க்காதீங்க.

#14 பழையாறு

ஒரு சின்னக் குறிப்பு. கல் ஏற்றும் ஒவ்வொரு வண்டிக்கும் கனிமவளத் துறை நடைச்சீட்டு இருக்கணும். கோவில் வேலைன்னு சொன்னா விடமாட்டாங்க, வண்டியே பிடிபடும். அறநிலையத் துறைக் கட்டுப்பாட்டில் உள்ள கோவில்னா, பழைய கல்லைத் தொடும் முன்னாலேயே வல்லுநர் குழு ஒப்புதல் வாங்கணும்.

பழைய கோவிலின் கல் இருந்தால் வீசிராதீங்க. மணல்வீச்சும் செய்யாதீங்க, கல்லின் தோல் போனா உப்பு ஏற வழி திறந்த மாதிரி. உப்பு எடுக்க வள்ளுவர் சிலையில் செய்யுறதுதான் சரியான முறை: காகிதக்கூழ் அப்பி, அது காயும்போது உப்பை உறிஞ்ச விட்டு உரிச்செடுக்கிறது.

#15 மண்டைக்காடு வடக்கு

எங்க கோவில் ஊர்ப் பொதுக் கோவில், துறையில் இல்லை. நடைச்சீட்டு குறிச்சுக்கிட்டேன்.

கறுப்புக் கல் பத்தி யாரும் சொல்லலையே? மேற்குப் பக்கத்து வெட்டுக்கல்லில் (லேட்டரைட்) உள்சுவர் கட்டலாம்னும் ஒரு யோசனை இருக்கு.

#16 வேளிமலை

வெட்டுக்கல் காற்றுப் பட்டால் இறுகும், கருவறையைச் சுற்றி வரும் நாலம்பலச் சுவருக்குப் பூச்சோடு நன்றாகவே நிற்கும். ஆனால் துளை நிறைந்தது. அதிஷ்டானத்தோடும் கருவறைச் சுவரோடும் கலக்க வேண்டாம். கருங்கல்லும் அதுவும் ஈரத்துக்கு விரிவது வேறு வேறு அளவில், இணைப்பு வாய் பிளக்கும்.

#17 மயிலாடி உளி

கறுப்புக் கல் விக்கிரகத்துக்கும் பீடத்துக்கும் மட்டும் போதும். மணி பொடியா, நெருக்கமா இருக்கிறதால கண், விரல், நகை எல்லாம் கூர்மையா வரும். கன அடிக்கு 85 கிலோ வரை கனக்கும். குன்னம், ஊத்துக்குளிப் பக்கமெல்லாம் விக்கிரகக் கல்லுக்குப் பேர் போன இடம். கோவில் முழுக்க அதைப் போட்டா வெயிலில் பிரகாரத்தில் கால் வைக்க முடியாது, செலவும் எங்கயோ போகும்.

ஆனா இதில்தான் ஏமாற்று அதிகம். சாம்பல் கல்லுக்கு எண்ணெயும் சாயமும் ஏத்திக் கறுப்புன்னு விப்பாங்க. வெள்ளைத் துணியில் தின்னர் நனைச்சு அழுத்தித் துடைங்க, துணி கறுத்தா வேண்டாம். இன்னும் உறுதியா வேணும்னா ஒரு மூலையில் உளி வச்சு அரை அங்குலம் தட்டி எடுங்க. உள்ளேயும் அதே கறுப்பா இருக்கணும். சாயம் ஏத்தின விக்கிரகம் பாலபிஷேகமும் தயிரபிஷேகமும் தொடர்ந்து நடந்தா நிறம் மங்கித் திட்டுத் திட்டாத் தெரியும்.

எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட்டுப் பாருங்க. வெள்ளை நரம்பில் நுரை வந்தா அது சுண்ணாம்பு நரம்பு. அபிஷேகப் புளிப்பு அதைத் தின்னுரும், ஓரிரு வருஷத்தில் அந்தக் கோடு பள்ளமாகும். சலவைக்கல் விக்கிரகம் அபிஷேகத்துக்கு ஆகாதுங்கிறதும் இதனாலதான்.

பித்தளை மாதிரி மினுக்குற பொட்டு இருக்கான்னும் பாருங்க. அது இரும்பும் கந்தகமும். ஈரச் சாக்கைச் சுத்தி ஒரு வாரம் வைங்க. பொட்டைச் சுத்திப் பழுப்பு வளையம் வந்தா, அபிஷேகத் தண்ணி பட்டுப் பட்டு பின்னால விக்கிரகத்தின் முகத்தில் துரு வடியும்.

பகவதிக்குப் பெண் கல். விக்கிரகமும் பீடமும் ஒரே பாளத்திலிருந்து எடுக்க முடிஞ்சா ரொம்ப உத்தமம். 3 அடி விக்கிரகத்துக்குப் பீடத்தில் இறங்குற குடுமியையும் கணக்கில் சேர்த்து 4 அடி நீளம் கேளுங்க. குடுமிக்கு விடாம அளந்து வாங்கிட்டு, அப்புறம் பாதத்தைக் குட்டையாக்குறது வழக்கமா நடக்கிற தப்பு.

#18 மண்டைக்காடு வடக்கு

அப்ப இப்படி முடிவு: ஜகதி, குமுதம், சுவர், கபோதம் எல்லாம் சார்னோக்கைட், ரெண்டு குவாரியிலும் துண்டு எடுத்து எடைச் சோதனை பார்த்துட்டு எதுன்னு முடிவு. விக்கிரகம், பீடம் கறுப்புக் கல். நபும்சகசிலை தனியாத் தேடுறது. பாவுகல் 6 அங்குலம். அடுத்த வாரம் குவாரிக்குப் போறோம். விட்டுப்போனது ஏதாவது உண்டா?

#19 திருவட்டாறு திருப்பணி

ஒன்று உண்டு. பெயிண்ட் டப்பாவை மயிலாடி அண்ணாச்சி சொன்னார், எதற்கென்று சொல்லவில்லை.

விக்கிரகக் கல் பூமியில் கிடந்தபோது கீழே இருந்த முகம்தான் விக்கிரகத்தின் முன்பக்கம். மேல்முகம் வெயிலும் மழையும் தின்றது, அது முதுகாகும். கல் கிடந்த திசையை வைத்துத் தலைப்பக்கமும் குறிக்க வேண்டும். குவாரியில் கிரேன் ஒருமுறை புரட்டிவிட்டால் பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கல்லைத் தாய்ப்பாறையிலிருந்து பிரிப்பதற்கு முன்பே ஸ்தபதி அங்கே நிற்க வேண்டும். மேல்முகத்தில் "முதுகு" என்றும், தலைப்பக்கம் அம்புக்குறியும், பிளந்த பின் பக்கவாட்டில் இரண்டு இடத்திலும் அதே குறியும். லாரியில் சங்கிலி உரசி ஒன்று அழிந்தாலும் மற்றது மிஞ்சும்.

சுவர்க் கல்லுக்கும் வேளிமலை சார் சொன்ன வரி திசைக்காக "மேல்" என்று ஒரு குறி போடச் சொல்லுங்கள். மஞ்சள் பெயிண்ட் போடுங்கள். சாக்குக்கட்டி முதல் மழையிலேயே போய்விடும்.

#20 மயிலாடி உளி

ஆமா ஐயா, அதுக்குத்தான். குறியைச் செதுக்கி எடுக்கப் போற பக்கத்தில் போடாம, கல் முனையில் போடச் சொல்லுங்க. முனை கடைசி வரை இருக்கும்.